ஞாயிறும் சுவரும்: லண்டன் பிரிக் லேனில் யாரால் நிலைக்க முடிகிறது?

கிழக்கு லண்டனில், பழைய நகர மதிலுக்கு வெளியே, வடக்கு தெற்காக ஓடும் குறுகலான தெரு பிரிக் லேன். ஒரு காலத்தில் செங்கற்சூளைகள் இருந்த மண். இன்று வார இறுதியில் அங்கே பழைய துணி, பழைய இசைத்தட்டு, கைவினைப் பொருள், பல நாட்டுச் சாப்பாடு என்று சந்தை கூடுகிறது. பக்கத்துச் சந்துகளில் சுவரோவியங்கள் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைக் காட்டுவதற்கென்றே வழிகாட்டிகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்துச் செல்கிறார்கள். இப்படிப்பட்ட பேட்டைகள் உருவாகும் விதத்துக்கு வழக்கமான விளக்கம் ஒன்று உண்டு. வாடகை மலிவான, கைவிடப்பட்ட இடத்துக்கு முதலில் கலைஞர்கள் வருகிறார்கள். அவர்களால் இடம் களைகட்டுகிறது. களையைக் கண்டு பணம் வருகிறது. பணம் வந்ததும் கலைஞர்கள் கிளம்ப வேண்டியதாகிறது. லண்டனின் உழைப்பாளர் குடியிருப்புகளில் நடுத்தர வர்க்கம் புகுந்ததைப் பற்றி ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் 1964இல் எழுதினார். அதன் பிறகு உலகின் எல்லா நகரங்களுக்கும் இந்த விளக்கம் பொருத்தப்பட்டுவிட்டது. பிரிக் லேனுக்கு அதைப் பொருத்தினால் கதை மிகவும் பிந்தித் தொடங்குகிறது, நாயகர்களும் மாறிப்போகிறார்கள். அங்கே ஞாயிற்றுச் சந்தை, தெருவோவியம் வருவதற்கு நூறாண்டுக்கும் மேல் மூத்தது. அந்தச் சந்தையை உண்டாக்கியவர்கள் அகதிகளும் தையல் தொழிலாளர்களும் தள்ளுவண்டிக்காரர்களும். ஒரு பேட்டையின் கலைத்தன்மையைப் புரிந்துகொள்ள, அங்கே யார் வந்தார்கள் என்று கேட்டால் மட்டும் போதாது. வந்தவர்கள் எந்த நிபந்தனையில் இருந்தார்கள், பிறர் தயவிலா, சட்டம் தந்த உரிமையிலா என்றும் கேட்க வேண்டும். தயவில் இருந்தவை மறைந்ததையும் உரிமை பெற்றவை தங்கியதையும் முந்நூறு ஆண்டு வரலாறு அந்தத் தெருவில் வீடு வீடாக, கடை கடையாகக் காட்டுகிறது.

முதலில் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். கிறிஸ்தவ இங்கிலாந்தில் அது கடை அடைக்கும் நாள். பெரும் கடைகள் ஞாயிறன்று திறக்க இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழிவிட்டது. அப்போதும் ஆறு மணி நேரத்துக்கு மட்டுமே. கிழக்கு லண்டனில் மட்டும் அதற்கு வெகு முன்பே ஞாயிற்றுச் சந்தைகள் கூடின. காரணம், அங்கே வாழ்ந்த யூதர்கள். அவர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். சனியும் ஞாயிறும் கடையை மூடினால் பிழைப்பு எப்படி நடக்கும்? இந்த நெருக்கடிக்கு நடைமுறையில் ஒரு தீர்வு முளைத்தது, பிறகு சட்டம் அதை ஏற்றுக்கொண்டது. 1936ஆம் ஆண்டின் ஞாயிறு வணிகக் கட்டுப்பாட்டுச் சட்டம், சனிக்கிழமை கடை அடைக்கும் யூத வணிகர்கள் ஞாயிறன்று பிற்பகல் இரண்டு மணி வரை திறந்திருக்க இடம் கொடுத்தது. அருகிலுள்ள பெட்டிகோட் லேன் சந்தைக்கும் அதே ஆண்டில்தான் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே பாதுகாப்புக் கிடைத்தது. சற்று வடக்கே கொலம்பியா சாலையில் இன்று புகழ்பெற்றிருக்கும் பூச்சந்தை முதலில் சனிக்கிழமையில் கூடியது. யூத வணிகர்களின் தேவையை ஒட்டித்தான் அது ஞாயிற்றுக்கு மாறியது. இன்று உல்லாசப் பயணிகள் சோம்பலாக உலாவும் ஞாயிற்றுக்கிழமை, சிறுபான்மையினர் தம் வழிபாட்டையும் வயிற்றையும் ஒருசேரக் காப்பாற்றிக்கொள்ளப் பெற்ற சலுகையிலிருந்து வந்தது. இந்தச் செய்தியை வழிகாட்டி நூல்கள் சுவையான துணுக்காக எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு இதுவே இந்தப் பேட்டையின் அடித்தளமாகப் படுகிறது. சந்தை நிலைத்தது, அதற்கென்று ஒரு நேரமும் அந்த நேரத்தின் மேல் ஓர் உரிமையும் இருந்ததால்.

அந்த உரிமையைத் தேடி வந்தவர்களின் வரிசை நீளமானது. பிரான்ஸில் புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நாந்த் ஆணையை 14ஆம் லூயி 1685இல் ரத்துசெய்தபோது, ஹ்யூகனாட்டுகள் எனப்பட்ட அவர்கள் ஆயிரக்கணக்கில் கடல் கடந்து வந்தார்கள். பட்டு நெசவு தெரிந்தவர்கள் பலர் பிரிக் லேனைச் சுற்றிய ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் குடியேறினார்கள். ஃபோர்னியர் தெரு, பிரின்ஸ்லெட் தெரு வீடுகளின் மேல்மாடியில் அகலமான சன்னல்களை இன்றும் பார்க்கலாம். தறிக்கு வெளிச்சம் வேண்டுமென்று வைத்தவை அவை. 1826இல் வெளிநாட்டுப் பட்டுக்கு இறக்குமதி திறந்துவிடப்பட்டது, 1860இல் பிரான்ஸுடன் வணிக ஒப்பந்தம் ஏற்பட்டது, நெசவு நொடித்தது. 1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அங்கே யூதர்கள்மீது தாக்குதல்கள் மூண்டன. தப்பி வந்த குடும்பங்கள் நெசவாளர் வீடுகளை அறை அறையாகப் பங்கிட்டுத் தையற்கூடங்களாக்கின. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், கப்பல்களில் கொதிகலனுக்குக் கரி தள்ளிய சில்ஹெட் மாவட்டத்து மாலுமிகளின் சுவடு பிடித்து வங்காளிகள் வந்தார்கள், அதே தையற்கூடங்களில் அமர்ந்தார்கள். பிரிக் லேனும் ஃபோர்னியர் தெருவும் சந்திக்கும் முனையில் 1743இல் ஹ்யூகனாட்டுகள் கட்டிய தேவாலயம் பிறகு மெதடிஸ்டுகளிடம் போனது, 1898இல் யூதத் தொழுகைக்கூடமானது, 1976இல் மசூதியானது. கட்டடம் ஒன்றே, வழிபட்டவர்கள் வேறு வேறு என்ற இந்த உண்மையைப் பலரும் சகிப்புத்தன்மையின் சின்னமாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் அதில் பொதிந்திருக்கும் பொருளாதாரச் செய்தி முக்கியமானது: புதிதாக வந்த ஏழைச் சமூகங்களால் அந்தக் கட்டடத்தைத் தமதாக்கிக்கொள்ள முடிந்தது.

இங்கேதான் வலுவான ஒரு மறுப்பு எழுகிறது. மாற்றமே இந்தத் தெருவின் இயல்பென்றால், ஹ்யூகனாட் போய் யூதர் வந்தார், யூதர் போய் வங்காளி வந்தார் என்றால், இப்போது வங்காளி போய் கணினி நிறுவன ஊழியர் வருவதில் மட்டும் என்ன அநியாயம் என்று கேட்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பதில் சொல்லக் கடினமான கேள்வி. முன்பு நடந்த மாற்றங்களின் திசையைப் பார்த்தால் பதில் கிடைக்கிறது. யூதக் குடும்பங்கள் கொஞ்சம் வசதி சேர்ந்ததும் ஸ்டாம்ஃபோர்ட் ஹில், கோல்டர்ஸ் கிரீன் போன்ற வட லண்டன் பகுதிகளுக்குப் பெயர்ந்தார்கள். போர்க்கால விமானக் குண்டுவீச்சு அந்த நகர்வை விரைவுபடுத்தியது. அவர்கள் விட்டுச்சென்ற இடம் மலிவாக இருந்தது, அடுத்த ஏழைக்குக் கதவு திறந்திருந்தது. வெளியேற்றம் பெரும்பாலும் முன்னேற்றத்தின் விளைவு. இப்போதைய மாற்றத்தில் இடம் கைமாறும்போது விலை மேலே போகிறது. வெளியேறுகிறவர் வசதி சேர்ந்து வெளியேறவில்லை, வாடகை கட்டுப்படியாகாமல் வெளியேறுகிறார்; அவருக்குப் பின்னால் வரக்கூடிய அடுத்த அகதிக்கு அங்கே இடமே இல்லை. சங்கிலி அறுபடுகிறது. ஆகவே முந்நூறு ஆண்டு இடப்பெயர்ச்சியை இன்றைய மாற்றத்துக்குச் சான்றிதழாகக் காட்டுவது, இரு வேறு நிகழ்வுகளை ஒன்றாக எண்ணுவதாகும்.

வங்காளிகளின் அனுபவம் என் வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று. 1970களில் அவர்களுக்கு அங்கே வீடு எளிதில் கிடைக்கவில்லை. நகராட்சி வீட்டுக்கான வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். கொடுத்த வீடுகளும் இனவெறித் தாக்குதல் மிகுந்த குடியிருப்புகளில் இருந்தன. பிரிக் லேனை ஒட்டிய பெல்ஹாம் கட்டடம் போன்று காலியாகக் கிடந்த இடங்களில் குடும்பங்கள் அனுமதியின்றிப் புகுந்து குடியேறின. 1976இல் வங்காளிகளின் வீட்டுரிமைக் குழு ஒன்று அமைந்தது. சிதறிப் போக மாட்டோம், இந்தப் பகுதியிலேயே சேர்ந்து வாழ வீடு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. தெருவில் அப்போது ஆபத்து அன்றாடமாக இருந்தது. 1978 மே 4ஆம் தேதி, உள்ளாட்சித் தேர்தல் நாளன்று, அல்தாப் அலி என்ற இளம் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கொலை செய்யப்பட்டார். பத்து நாள் கழித்து ஏறத்தாழ 7,000 பேர் அவர் சவப்பெட்டியின் பின்னால் பிரதமர் இல்லம் வரை ஊர்வலம் போனார்கள். ஞாயிற்றுச் சந்தையின் வடமுனையில் நேஷனல் ஃப்ரன்ட் என்ற இனவாதக் கட்சி தன் பத்திரிகையை விற்றுவந்தது. அந்த மூலையை அவர்களுக்கு முன்பே பிடிப்பதற்காக எதிர்ப்பாளர்கள் இரவே வந்து தங்கினார்கள். தெருமூலையில் யார் நிற்பது என்பது அந்த ஆண்டில் உயிர்ப்பிரச்சினை. இந்தப் போராட்டங்களின் அழுத்தத்தில், 1970களின் இறுதியில் பெருலண்டன் மன்றம் இறங்கிவந்தது. அத்துமீறிக் குடியிருந்தவர்களில் பலருக்கு முறையான வாடகை வீடு கிடைத்தது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் வீட்டுக் கூட்டுறவு ஒன்றும் உருவானது. அதன் பயன் இன்றும் தெரிகிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிரிக் லேன் அடங்கிய டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரத்தில் வங்காளதேச வம்சாவளியினர் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். நிலமதிப்பு வானளாவ உயர்ந்த ஓரிடத்தில் ஏழைச் சமூகம் ஒன்று இந்த அளவு நிலைத்திருப்பதற்கு அரசு வாடகை வீட்டின் பாதுகாப்பே முதன்மைக் காரணம். அந்த வீடுகளைக் குடியிருப்பவருக்கே விற்கவும் பிறகு அவை சந்தைக்குப் போகவும் 1980ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்ததால் அந்தப் பாதுகாப்பும் ஓரளவு தேய்ந்திருக்கிறது. அப்படியும் மக்கள் இருக்கிறார்கள்.

மக்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய கடைகள் இல்லை. இந்த வேறுபாட்டை நின்று பார்க்க வேண்டும். வங்காளிகளின் கறி உணவகங்களே 1990களில் பிரிக் லேனைப் பிரபலமாக்கின. 1997இல் தெருமுனையில் அலங்கார வளைவு எழுப்பப்பட்டது. வங்க எழுத்தில் தெருப் பலகைகள் வைக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் உள்ளாட்சி வட்டத்தின் பெயரிலேயே ‘பங்களாடவுன்’ சேர்ந்தது. 2000களின் நடுவில் 60 என்ற எண்ணிக்கையில் இருந்த வங்காளிகளின் கறி உணவகங்கள் 2020 தொடக்கத்தில் 23ஆகக் குறைந்திருந்ததாக ரன்னிமீட் அறக்கட்டளையின் ஆய்வு பதிவுசெய்கிறது. பெருந்தொற்று வருவதற்கு முந்தைய கணக்கு அது. அதே ஆண்டுகளில்தான் தெருவுக்கு வரும் கூட்டம் பெருகியது. 2010இல் அருகிலேயே புதிய ரயில் நிலையம் திறந்தது. சுவரோவியங்கள் உலகப் புகழ் பெற்றன. கூட்டம் பெருகினால் எல்லோரும் பிழைப்பார்கள் என்ற வாதத்தை இந்த எண்கள் ஆட்டம் காணச் செய்கின்றன. வாடகை மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. சமையற்காரர்களை வரவழைக்கும் விசா விதிகள் கடுமையாயின. உணவகக்காரரின் பிள்ளைகள் படித்து வேறு தொழிலுக்குப் போனார்கள். வருவோரின் நாக்கும் மாறியது. இவை எல்லாம் உண்மை. ஆனால் நாடு முழுவதும் கறி உணவகங்களை வாட்டிய இதே காரணங்கள், ஏறும் வாடகையுள்ள தெருவில் விரைவாகக் கொல்கின்றன. வணிகக் குத்தகையாளருக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் புதுப்பிக்கும் உரிமை தருகிறது. ஆனால் ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையை விலக்கிவைக்கலாம். புதுப்பித்தாலும் சந்தை வாடகைதான். வீட்டில் குடியிருந்தவரிடம் உரிமை இருந்தது. கடை வைத்தவரிடம் ஒப்பந்தத் தேதி முடியும் வரை அனுமதி மட்டும் இருந்தது. ஒரே சமூகம், ஒரே தெரு, ஒரே காலம்; விளைவு வேறு.

பழமையைக் காக்கும் முயற்சிகூட இந்த விதிக்குத் தப்பவில்லை. 1977இல் எல்டர் தெருவில் இடிக்கப்படவிருந்த பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகளில் கட்டட வரலாற்று ஆர்வலர்கள் சிலர் புகுந்து அமர்ந்து புல்டோசரைத் தடுத்தார்கள். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் வரலாற்றுக் கட்டட அறக்கட்டளை இப்படிப் பிறந்தது. அவர்கள் இல்லாவிட்டால் நெசவாளர் வீடுகளில் பாதி இன்று இருந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் காப்பாற்றிய வீட்டை என்ன செய்வது? பழுது பார்க்கவும் பேணவும் வசதியுள்ளவர்களுக்கு விற்றார்கள். வீடுகளில் இயங்கிவந்த தையற்கூடங்கள் காலியாயின. சுவரையும் படிக்கட்டையும் காத்த சட்டத்துக்கு, அவற்றுக்குள் நடந்த வேலையைக் காக்க வழி தெரியவில்லை. குறை அந்த ஆர்வலர்கள் மீது இல்லை. கட்டடத்துக்குப் பாரம்பரியப் பட்டியல் உண்டு, பிழைப்புக்கு அப்படியொரு பட்டியல் கிடையாது என்பதே சிக்கல்.

சந்தைக்கு வருவோம். இன்று பிரிக் லேனில் கூடுவது பார்வைக்கு ஒரே சந்தை. சட்டத்தின் கண்ணில் இரண்டு. ஒன்று, தெருவின் மேலேயே கடை போடும் பழைய சந்தை. நகராட்சி உரிமம் வழங்கி நடத்துவது இது. 1990ஆம் ஆண்டின் லண்டன் உள்ளாட்சிச் சட்டப்படி முழு உரிமம் பெற்ற தெருவணிகர் தமக்கென்று குறித்த இடத்தில் கடை போடுகிறார். நகராட்சி காரணம் சொல்லாமல் அதைப் பறிக்க முடியாது. அவர் இறந்தாலோ ஓய்வு பெற்றாலோ முன்பே பெயர் குறிப்பிட்ட உறவினருக்கு அந்த உரிமம் போய்ச்சேரவும் வழி இருக்கிறது. மற்றொன்று, ட்ரூமன் மதுபான ஆலையின் வளாகத்துக்குள் நடக்கும் சந்தை. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இயங்கிய அந்த ஆலை 1980களின் இறுதியில் மூடப்பட்டது. பத்து ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த வளாகத்தை வாங்கிய தனியார் உரிமையாளர்கள் அதைக் கலைக்கூடங்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இரவு விடுதிகளுக்கும் வாடகைக்கு விட்டார்கள். 2004இல் அங்கே ஞாயிற்றுச் சந்தையும் தொடங்கியது. இளம் வடிவமைப்பாளர்கள் கைச்சரக்கோடு வந்து, கடை வைக்கும் முதலீடு இல்லாமலே வாடிக்கையாளரைப் பிடிக்க முடிந்தது அங்கேதான். அந்த உரிமையாளர்கள் ஆரம்பத்திலேயே ஆலையை இடித்து அலுவலக மாளிகை கட்டியிருந்தால் நாம் பேசும் பிரிக் லேன் உருவாகியே இருக்காது என்று சொல்வோர் உண்டு. அது நியாயமான வாதம், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் உள்ளே இருக்கும் செய்தியைக் கவனிக்க வேண்டும்: கால் நூற்றாண்டுக் கலைவாழ்வு ஒரே ஒரு உரிமையாளரின் தீர்மானத்தில் நின்றிருக்கிறது. அவர் மனம் மாறினால், கணக்கு மாறினால், நாள் வாடகைக்கு மேசை போட்டவருக்குச் சொல்ல ஒரு சொல்லும் இல்லை.

கணக்கு மாறவும் செய்தது. ஆலை வளாகத்தில் கடைகளும் அலுவலகங்களும் கொண்ட புதிய கட்டடம் எழுப்பும் திட்டம் வந்தபோது 7,000க்கும் மேற்பட்டோர் எதிர்த்து எழுதினார்கள். உணவகக்காரர், குடியிருப்போர், வங்காள இளைஞர், பழம்பொருள் ஆர்வலர் என்று ஒன்றுசேர வாய்ப்பில்லாதவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். 2021 செப்டம்பரில் நகராட்சிக் குழுவில் மூன்று பேர் மட்டும் வாக்களித்தார்கள். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. முந்தைய கூட்டத்துக்கு வராத உறுப்பினர்கள் வாக்களிக்கக் கூடாதென்ற விதி சரியா என்ற கேள்வியோடு வரலாற்றுக் கட்டட அறக்கட்டளை நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் இறுதியாக உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. வழக்கின் பொருளைப் பாருங்கள். இந்தப் பேட்டைக்கு எது நல்லது என்ற கேள்வி எந்த நீதிமன்றத்திலும் வரவில்லை, வரவும் முடியாது. கூட்ட நடைமுறையைப் பற்றி மட்டுமே வாதிட முடிந்தது. தெருவை உண்டாக்கியவர்களுக்குத் தெருவின்மேல் வழக்குத் தொடுக்கத்தக்க உரிமை எதுவும் இல்லாதபோது, ஆட்சேபக் கடிதங்கள் ஏழாயிரமானாலும் எழுபதாயிரமானாலும் எடை ஒன்றுதான்.

சுவர்களின் நிலை இதைவிட நுட்பமானது. தெருவோவியம் அனுமதி கேட்காத கலை என்று பெயர் பெற்றது. பிரிக் லேனில் நீண்ட நாள் நின்ற ஓவியங்களைப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கிறது. ஹான்பரி தெருவில் பெல்ஜியக் கலைஞர் ரோவா கட்டட உயரத்துக்கு வரைந்த பறவை, பிரின்ஸ்லெட் தெருவில் ஸ்டிக் என்ற ஓவியர் 2010இல் வரைந்த, முகத்திரை அணிந்த பெண்ணும் இன்னொருவரும் கைகோத்து நிற்கும் கோட்டுருவம், இவை இரண்டும் பல ஆண்டுகள் நின்றன. ரோவா முதலில் வரைந்தது நாரை வகையில் வேறொரு பறவை. இது கொக்கு தானே என்று அக்கம்பக்கத்து வங்காளிகள் ஆர்வத்தோடு கேட்டதால் அதைக் கொக்காக மாற்றினார் என்று ஒரு செய்தி உண்டு. அனுமதி தந்த கட்டடக்காரர், பார்த்துப் பழகிய அண்டை வீட்டார், அடுத்தவர் ஓவியத்தின்மேல் வரையத் தயங்கும் சக ஓவியர் ஆகிய மூவரும் சேர்ந்தே ஓர் ஓவியத்துக்கு ஆயுள் தருகிறார்கள். மூவரில் சட்டம் அறிந்தது முதலாமவரை மட்டும். ஃபோக்ஸ்டன் ஊரில் பேங்க்ஸி என்ற தெருவோவியர் 2014இல் வரைந்த சுவரோவியத்தைக் கட்டடத்தின் குத்தகையாளர் பெயர்த்தெடுத்து விற்க அமெரிக்காவுக்கு அனுப்பிய வழக்கில், அடுத்த ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றம் சுவரின் சொந்தக்காரருக்கே அது சேரும் என்று தீர்ப்பளித்தது. ஓவியருக்கோ ஊருக்கோ அதில் இடமில்லை. அமெரிக்காவில் நிலைமை சற்று வேறு. நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் கட்டடத்தில் உரிமையாளர் 2013இல் ஒரே இரவில் வெள்ளையடித்து அழித்த ஓவியங்களுக்காக 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு வழங்க 2018இல் நீதிபதி உத்தரவிட்டார். காட்சிக் கலைஞர் உரிமைக்கென 1990இல் இயற்றிய சட்டமே அதற்கு ஆதாரம். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கிறது. முழுதாக அழிப்பதைத் தடுக்கத் தெளிவான ஏற்பாடு அதில் இல்லை.

அழியும் தன்மையே தெருவோவியத்தின் உயிர், அதற்கு உரிமை கேட்பது முரண் என்று ஓவியர்களிலேயே பலர் சொல்வார்கள். இந்த மறுப்பை நான் மதிக்கிறேன், ஆனால் அழிவிலும் வகை உண்டு. ஓவியர் ஒருவர் இன்னொருவரின் மேல் வரைவது அந்தக் கலைக்குள் நடக்கும் உரையாடல். 2023 ஆகஸ்டில் சீன மாணவர்கள் சிலர் பிரிக் லேனில் நீண்ட சுவர் ஒன்றை வெள்ளையடித்து, அங்கிருந்த ஓவியங்களை மூடி, சீன அரசின் சோசலிச விழுமியச் சொற்களை 24 சிவப்பு எழுத்துகளில் எழுதினார்கள். மற்றவர்கள் உடனே அவற்றின் இடையிலும் மேலும் மறுப்புகளை எழுதினார்கள். சில நாட்களுக்குள் நகராட்சி சுவரை வெள்ளையடித்துவிட்டது. கோபம், எதிர்க்கோபம், பதில் எழுத்து என்று எதையும் தாங்கும் பொதுவெளியாக அந்தச் சுவர் இருந்தது அந்தச் சில நாட்களில்தான். இதற்கு நேர்மாறானது, ஓவியப் பாணியிலேயே விளம்பரம் வரையச் சுவரை நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுவது. அங்கே யாரும் பதில் எழுத முடியாது, எழுதினால் குற்றம். பெர்லினின் க்ராய்ஸ்பெர்க்கில் குவ்ரி தெருவில் ப்ளூ என்ற இத்தாலியக் கலைஞரின் இரண்டு மாபெரும் சுவரோவியங்கள், எதிரேயிருந்த காலிமனையில் கட்டடம் எழுப்பத் திட்டமிட்டவர்களுக்கு அழகான பின்னணியாகும் நிலை வந்தது. 2014 டிசம்பரில் அவருடைய ஒப்புதலோடு அவை கருப்பு வண்ணம் பூசி அழிக்கப்பட்டன. தன் படைப்பைக் காப்பாற்றச் சட்டத்தில் இடமில்லாத கலைஞர், நிலவிலையை ஏற்றுவதற்கு அது பயன்படாமல் தடுக்க வைத்திருந்த ஒரே கருவி அழிப்பு. எவ்வளவு துயரமான சுதந்திரம் அது.

உரிமையை யார் தருவது, எப்படித் தருவது என்பது நடைமுறைக் கேள்வி. அதற்கு நடைமுறையிலேயே விடைகள் இருக்கின்றன. பெர்லினின் வெட்டிங் பகுதியில் எக்ஸ்ரோட்டாபிரின்ட் என்ற பழைய அச்சு இயந்திரத் தொழிற்சாலையை அதன் வாடகைதாரர்களே 2007இல் மீட்டார்கள். நிலத்தை இரண்டு அறநிறுவனங்கள் வாங்கிக்கொண்டன. கட்டடம் 99 ஆண்டு நீண்டகால உரிமையில் வாடகைதாரர் அமைப்பிடம் இருக்கிறது. நிலத்தை விற்று லாபம் பார்க்க யாருக்கும் வழியில்லை. அங்கே கலைஞர், தொழிற்பட்டறை, சமூகப் பணி ஆகியவற்றுக்கு தலா மூன்றில் ஒரு பங்கு இடம். கலைஞர்கள் தங்களுக்கு மட்டும் இடம் கேட்காமல் தச்சரையும் அகதிகளுக்கு மொழி கற்பிப்பவரையும் சேர்த்துக் கேட்டதுதான் அந்தத் திட்டத்தின் முதிர்ச்சி. லண்டனிலேயே, பிரிக் லேன் இருக்கும் அதே டவர் ஹாம்லெட்ஸில், மைல் எண்டின் செயின்ட் கிளெமன்ட்ஸ் மருத்துவமனை வளாகத்தில் சமூக நில அறக்கட்டளை 23 வீடுகளைச் சந்தை விலைக்கு விடாமல் வட்டார மக்களின் இடைநிலை வருமானத்தோடு பிணைத்து விற்கிறது; வாங்கியவர் மறுபடி விற்கும்போதும் அதே கணக்குத்தான்.

வீட்டுக்குச் செய்ததைக் கடைக்கும் தொழிற்கூடத்துக்கும் செய்தால் நிலமதிப்பு குறையும், வரி வருமானம் போகும் என்று நகராட்சியின் நிதிப் பொறுப்பாளர்கள் கவலைப்படுவார்கள். குறையத்தான் செய்யும். ஆனால் அந்த மதிப்பின் ஒரு பகுதி சந்தைக்காரர்களும் ஓவியர்களும் கறி சமைத்தவர்களும் உண்டாக்கியது. அதை உண்டாக்கியவர்களின் இருப்புக்குத் திருப்பித் தருவதை இழப்பு என்று எழுதும் கணக்குமுறை எனக்கு ஏற்புடையதாக இல்லை. இன்னொரு அச்சமும் உண்டு: நிரந்தர உரிமை கொடுத்தால் இருப்பவர் இறுகப் பிடித்துக்கொள்வார், புதியவர் எப்படி நுழைவார்? இது மெய்யான ஆபத்து. பழைய தெருச் சந்தையிலேயே வாரிசுக்கு வாரிசு கைமாறும் உரிமங்கள் புதியவரைத் தடுக்கக்கூடும். அதற்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. அதே 1990ஆம் ஆண்டுச் சட்டம் முழு உரிமத்தோடு, ஆறு மாதத்துக்கு மேற்படாத தற்காலிக உரிமத்தையும் ஏற்படுத்தியிருக்கிறது. நேற்று வந்து இறங்கியவர் அதை வாங்கிக்கொண்டு வரும் ஞாயிறன்று மேசை போடலாம். ஆலை வளாகத்துச் சந்தையில் ஒரு பகுதியை இதே முறையில் பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவருவதை அனுமதிக்கான நிபந்தனையாக வைக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. குறிப்பிட்ட அளவு இடத்தை நிரந்தரக்காரருக்கும், குறிப்பிட்ட அளவைப் புதியவருக்கும் ஒதுக்கி, வாடகையை வட்டார வருமானத்தோடு பிணைத்து.